புகார்க் கடிதத்தை நாங்கள் வாசித்த விதம்

சங்கத்துக்கு வெள்ளிவிழாவாம். மலர் போடுகிறார்களாம். "உங்க இனிமையான நினைவுகளை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், கூடவே ஒரு போட்டோவும்" என்று இப்போதைய செயலாளர் போன் செய்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். இனிமையான நினைவுகளுக்கு நான் எங்கே போவேன்? இருப்பதைத்தானே எழுத முடியும். இதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

நான் மனநல ஆலோசகர். இரும்புலியூரில் ஒரு மாடி அறையில் முப்பது வருஷமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு டிஷ்யூ டப்பா. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் தாம்பரத்தைச் சுற்றி யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலிங் செய்யப்படும்’ என்று போர்டு மாட்டலாம். கைரேகை பார்க்கிறவர் மாட்டியிருந்தார். யோகா மாஸ்டர் மாட்டியிருந்தார். மூன்று மாத அஞ்சல்வழிப் படிப்பு படித்துவிட்டு, அழுகிற பெண்களிடம் "புருஷனை அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. வயிற்றெரிச்சலாக இருக்கும். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும், விதிகள் வேண்டும், தப்பு செய்தால் கேட்க ஆள் வேண்டும் என்று ஐந்து பேர் கீழ்க்கட்டளையில் ஒரு டியூஷன் சென்டர் ஹாலில் கூடினோம். மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

எங்களில் மூத்தவர் ஒருவர் தலைவரானார். அவரை எல்லோரும் சார் என்போம், நானும் அப்படியே சொல்கிறேன். அவரைப் பற்றி ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். எனக்கு முதன்முதலில் ஆட்களை அனுப்பியவர் அவர்தான். ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டு நான் தவித்தபோதெல்லாம் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தவர். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவர் கற்றுத் தந்தது.

சங்கத்தின் நெறிமுறை விதிகளை எழுதியவள் நான். முதல் விதி: அறைக்குள் கேட்டது அறையைத் தாண்டக்கூடாது, பெயரை மறைத்தாலும் ஆளைக் கண்டுபிடிக்கும்படி எங்கேயும் பேசக்கூடாது. அதை எழுதிய அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு சங்கம் வளர்ந்தது. ஐந்து ஐம்பதாயிற்று, பிளெக்ஸ் பேனர் வந்தது, மேடை வந்தது, பொன்னாடை வந்தது. அடேயப்பா, அந்தப் பொன்னாடைகள்! ஊரார் குடும்பச் சண்டையை எல்லாம் தீர்த்து வைக்கிற நாங்கள், யாருக்கு முதலில் போர்த்துவது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். ஒரு வருஷம் துணைத் தலைவர், பேனரில் தன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று சாப்பிடாமலே கிளம்பினார். வாசலில் அவரை மறித்து நாலு பேர் "உங்க கோபத்தை எங்களால புரிஞ்சுக்க முடியுது சார்" என்று மாறி மாறிச் சொன்னார்கள். அவரும் "உங்க அக்கறையை நான் மதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

எங்கள் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இந்த நிமிஷம் தன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அதன்பின் யாராவது ஒருவர் தன்னிடம் வந்தவரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொல்வார், மற்றவர்கள் அந்த ஆளின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று அலசுவோம். தொழிலுக்குத் தேவையான பழக்கம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் மஞ்சள் அரைத்த கை மாதிரி, நாங்கள் எதைத் தொட்டாலும் அது ஒட்டிக்கொண்டது. வாடகை ஹாலின் ஃபேன் ஓடவில்லை என்று ஒருத்தர் சொன்னால்கூட, அதை ஏன் இன்றைக்குச் சொல்கிறார் என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. நெறிமுறைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் என் பெயருக்கு.

எழுதியிருந்தவள் ஒரு கணக்கு டீச்சர். முப்பது வயதிருக்கும். கணக்கு டீச்சர் என்பதால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அழகாக எழுதியிருந்தாள். ஒரு வருஷம் சாரிடம் ஆலோசனைக்குப் போயிருக்கிறாள். கல்யாண வாழ்க்கை சரியில்லை, மூச்சு முட்டுகிறது. ஐந்து வயதில் ஒரே பையன். அவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ‘இவன் போயிட்டா நானும் இந்த வீட்டை விட்டுப் போயிடலாம்’ என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றிய அடுத்த நொடி உயிர் போய்விட்டது அவளுக்கு. அதை உலகத்தில் சாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

இந்த எண்ணத்தைச் சுமந்துகொண்டு எத்தனை அம்மாக்கள் என் எதிரே உட்கார்ந்து குமுறியிருக்கிறார்கள்! பெற்ற பிள்ளைக்காகக் கண் விழித்துக் கண் விழித்து ஓய்ந்துபோனவளுக்கு வருகிற எண்ணம் அது. அவர்களால் பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. சாருக்கும் இது தெரியும். தெரிந்துதான் பொத்தேரியில் ஒரு கல்லூரி ஹாலில், மாணவர்களுக்கு முன்னால், உதாரணமாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. தாம்பரம் பக்கத்தில் ஒரு கணக்கு டீச்சர், ஒரே பையன், டெங்கு என்று மட்டும் சொன்னார். மூன்றாவது வரிசையில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. பையனைக் கீழ்க்கட்டளையில் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ‘பெத்த புள்ளையே சாகணும்னு நெனச்சவகிட்ட எப்படி விடறது’ என்றார்களாம். அடுத்த மாதம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதாக இருந்தது. அதற்குள் சங்கம் ஒரு கடிதம் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள். சார் அதை வெளியில் சொன்னது தவறு, அப்படிப்பட்ட எண்ணம் பல தாய்மார்களுக்கு வருவதுதான், அதனால் குழந்தைக்கு ஆபத்தில்லை. இந்த மூன்று வரி போதும். கடைசியில் நான் எழுதிய முதல் விதியை எங்கள் இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தாள்.

சொன்னாரா இல்லையா? சொன்னார். ஹால் நிறைய ஆட்கள் கேட்டார்கள். விதி இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. பேனா எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் முடிந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? வட்டமாக உட்கார்ந்தோம்.

குழுவில் மூன்று பேர். நான், ஓய்வுபெற்ற ஒரு உளவியல் பேராசிரியர், ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சைக்காலஜிஸ்ட் பெண். முதலில் மூவரும் அவரவர் மனநிலையைச் சொன்னோம். மூவருக்கும் கனமாக இருந்தது. பிறகு கடிதத்தைப் படித்தோம். படித்துவிட்டு, வழக்கம்போல, எழுதியவளை அலச ஆரம்பித்தோம்.

"நம்பர் போட்டு எழுதியிருக்கா, கவனிச்சீங்களா?" என்றார் பேராசிரியர். "எல்லாத்தையும் தன் கைக்குள்ள வெச்சுக்கணும்ங்கற தவிப்பு."

"சாரை அப்பா ஸ்தானத்துல வெச்சிருந்திருக்காங்க. இது அப்பா மேல உள்ள கோபம்" என்றாள் சைக்காலஜிஸ்ட்.

அடுத்து நான் வாயைத் திறந்தேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "அந்த எண்ணத்துக்காக அவளால தன்னையே மன்னிக்க முடியல. அந்தக் குற்ற உணர்ச்சியைத் தூக்கி சார் தலையில போடறா. நாம லெட்டர் குடுத்தா அவ மனசுக்குள்ள நடக்கற வேலை நின்னுடும். அவ குணமாகறதை நாமே கெடுத்த மாதிரி ஆயிடும்" என்றேன்.

இரண்டு பேரும் அப்படியே என்னைப் பார்த்தார்கள். "பிரமாதம்" என்றார் பேராசிரியர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சீச்சீ.

ஹாலைப் பெருக்கி, எங்களுக்கு டீ வாங்கி வந்து தருகிற அக்கா ஒருவர் உண்டு. அன்றைக்கு டம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "இன்னாம்மா இது, ஒரு பொண்ணு புள்ளைய கேட்டுகினு நிக்குது. நீங்க மூணு பேரும் குந்திகினு அது இன்னா நெனச்சிது, எதுக்கு நெனச்சிதுன்னு பேசிகினே கீறீங்க. ஒரு கடுதாசிதானே கேக்குது, குட்துட்டு போறது" என்றார்.

அறைக்குள் கேட்டது வெளியே போனதைப் பற்றி விசாரிக்க உட்கார்ந்த நாங்கள், கதவைக்கூடச் சாத்தவில்லை. "இதெல்லாம் யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றேன். "நான் யாராண்ட சொல்லப்போறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் சார் என் அறைக்கு வந்தார். ஆண்டு மாநாட்டை அந்த முறை அவர்தான் நடத்துவதாக இருந்தது. அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் நடிப்பு இல்லை. "ஒரு வாய் தவறிப்போச்சும்மா. அந்த லெட்டர் வெளிய போச்சுன்னா என் நாற்பது வருஷமும் போச்சு. நீ அவகிட்ட பேசு. நீ பேசினா கேப்பா" என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சரி என்றேன்.

அவளுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். கடிதம் தரத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் பையனின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், ராத்திரியெல்லாம் கூடவே இருந்தது அவள்தான் என்பதற்கு அத்தாட்சி, எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்ததும் "லெட்டர் டைப் பண்ணிட்டீங்களா மேடம்?" என்றாள்.

"லெட்டர் இருக்கட்டும். முதல்ல நீங்க எப்படி இருக்கீங்க?" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த ஐம்பது நிமிஷம் நான் என் தொழிலைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். லெட்டர் கையில் வந்துவிட்டால் மனசு ஆறிவிடுமா என்று கேட்டேன். அந்த ஒரு நொடிக்காகத் தன்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. நாற்பதாவது நிமிஷத்தில் அவளே சொன்னாள்: "என் மேலயே இருக்கற கோபத்தைத்தான் நான் சார் மேல காட்டறேனோ?" டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன். போகும்போது எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நன்றி!

மூன்று நாளில் புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் வந்தது. அதில் எண்கள் இல்லை. என் வார்த்தைகள்தான் இருந்தன, அவள் கையெழுத்தில். ‘புகார்தாரர் தெளிவு பெற்றுப் புகாரைத் திரும்பப் பெற்றார். ஒருங்கிணைப்பாளரின் முயற்சிக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது’ என்று மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மாநாடு ஜாம்ஜாமென்று நடந்தது.

பெரியவர்கள் பேசியது என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கக் கூடாது, தொழில் எல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் உண்மை.

மூன்று வருஷம் கழித்து, பெற்றோர்களுக்குப் பேச சங்கத்தின் சார்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பேசி முடித்ததும் ஆசிரியர் அறையில் டீ கொடுத்தார்கள். கொடுத்தவள் அவள்தான். நான் தடுமாறிப்போனேன். அவள் தடுமாறவில்லை. "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றாள். பையன் இன்னும் கீழ்க்கட்டளையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் போய்ப் பார்க்கலாம். அந்த இரண்டு மணி நேரமும் மாமியார் எதிரில் சோபாவில் உட்கார்ந்திருப்பாராம். "டாய்லெட் கூடப் போக மாட்டாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். அந்தப் புகாரை மறுபடியும் எடுக்க வேண்டும், நாம் அந்தப் பெண்ணின் குடியைக் கெடுத்திருக்கிறோம், முதல் ஆள் நான் என்றேன். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. எல்லோர் முகத்திலும் அந்தப் பரிவு. எனக்கு அது தெரியும், நானே தினமும் போட்டுக்கொள்கிற முகம்தானே.

"எவ்வளவு நாளா இதைத் தனியா சுமந்துட்டு இருக்கீங்க?" என்றாள் சைக்காலஜிஸ்ட்.

"நான் சுமக்கறதைப் பத்தி யார் கேட்டா? அந்தப் பொண்ணுக்கு லெட்டர் குடுப்பீங்களா மாட்டீங்களா?" என்று கத்தினேன்.

"கோபம் நல்லது. வரட்டும், வெளிய வரட்டும்" என்றார் பேராசிரியர். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அவர் மேல் எறியலாமா என்று வந்தது. எறிந்திருந்தால் அதையும் நல்லது என்றிருப்பார்.

சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "நீ ரொம்ப களைச்சுப் போயிட்டம்மா. போன வருஷம் உன் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் நீ உக்காந்து அழவே இல்லையே" என்றார். நான் அவரிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒரு வருஷம் ஓய்வெடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என் நீண்டகாலச் சேவைக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். போட்டோவில் சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். வெட்கம் கெட்டவள் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று எனக்கு. ஒரு நாள் சங்கத்துக்கு ராஜினாமா எழுதிய கையோடு, என் சொந்த லெட்டர் பேடில் அவள் கேட்ட மூன்று வரியையும் எழுதினேன். கூட ஒரு வரி, புகாரை அவள் திரும்பப் பெற்றது என் வற்புறுத்தலால் என்று. கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியான இடைவேளை. ஆசிரியர் அறையில் அவள் மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் மாதிரி வரி வரியாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம்" என்றாள். "அப்போ இது கையில இருந்திருந்தா மாமனார்கிட்ட காட்டியிருப்பேன். அவர் காகிதத்தை மதிக்கிற மனுஷன். சீலைப் பாத்தா நம்பியிருப்பார். அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு."

"மன்னிச்சிடும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "பையனுக்கு இப்போ ஒம்பது வயசு. யாரோ அவன்கிட்ட சொல்லிட்டாங்க. போன ஞாயித்துக்கிழமை கேட்டான். ‘அம்மா, எனக்கு ஜுரம் வந்தப்போ நான் செத்துப்போகணும்னு நெனச்சியாமே, நிஜமா?’ன்னு."

கடிதத்தை மேஜையில் வைத்து இரண்டு கையாலும் நீவிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். இல்லன்னா பொய். ஆமான்னா அவன் உடைஞ்சு போயிடுவான். வர்ற ஞாயித்துக்கிழமையும் கேப்பான். நீங்க இதுக்குன்னே படிச்சவங்க. நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்? சொல்லுங்க."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் கடிதம் கேட்டவள், இப்போது ஒரு வாக்கியம் கேட்கிறாள். ஒரே ஒரு வாக்கியம். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"அவன் அப்படிக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்து என் பக்கமாகத் தள்ளினாள். "எனக்கு கிளாஸ் இருக்கு மேடம்" என்று எழுந்து போனாள்.